ஹக்ஸ்போல்: மட்டக்களப்பிலும் அம்பாறையிலும் அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்லடி, ஏறாவூர், களுவாஞ்சிகுடி, கல்முனை, அக்கரைப்பற்று என்று ஆளுக்கொரு ஊரில் இருந்துகொண்டு பின்னேரங்களில் சேர்ந்து ஹக்ஸ்போல் விளையாடுகிறவர்கள் நாங்கள். புதிதாக வருகிறவர்கள் வட்ஸ்அப்பில் திரும்பத் திரும்பக் கேட்பதையும், பெற்றோர் கேட்டதையும் இங்கே சேர்த்திருக்கிறேன். கீழே வரும் அளவுகள் 'கிளாசிக்' என்ற மைதானத்துக்கும், யாரும் மாற்றாத பந்து, ஆட்டக்காரர் அமைப்புக்கும் உரியவை. வேறு மைதானம் போட்டு ஆடினால் இவை மாறலாம்.

ஹக்ஸ்போல் என்றால் என்ன?

இணைய உலாவியிலேயே ஆடும் உதைபந்தாட்டம். மேலிருந்து பார்த்த மாதிரி ஒரு பச்சை மைதானம், சிவப்பு அணி, நீல அணி, ஒரு வெள்ளைப் பந்து. ஒவ்வொரு ஆட்டக்காரரும் ஒரு வட்டம்தான். கை, கால், முகம் எதுவும் இல்லை. அம்புக்குறி விசைகளால் நகரலாம். எக்ஸ் விசையாலோ ஸ்பேஸ் விசையாலோ உதைக்கலாம். பழகுவதற்கு வேறு விசை இல்லை.

ஃபவுல் இல்லை, ஓஃப்சைட் இல்லை, த்ரோ இல்லை. பந்து எல்லைக் கோட்டில் பட்டுத் திரும்பி வரும். ஆட்டக்காரர் மட்டும் கோட்டைத் தாண்டி வெளியே போய் வரலாம். வழக்கமாக மூன்று நிமிடம் அல்லது மூன்று கோல், எது முதலில் வருகிறதோ அதோடு ஆட்டம் முடியும். நேரம் முடியும்போது சமநிலை என்றால் அடுத்த கோல் விழும் வரை ஆட வேண்டியதுதான். ஆர்ஜென்டீனாவைச் சேர்ந்த மரியோ கர்பஹால் 2010இல் இதை வெளியிட்டார். துருக்கியிலும் பிரேசிலிலும் இதற்கென்றே லீக் நடத்துகிறார்கள்.

காசு கட்ட வேண்டுமா? பதிவு செய்ய வேண்டுமா?

இரண்டும் இல்லை. ஒரு பட்டப்பெயர் போட்டால் உள்ளே போகலாம். காசு கொடுத்து வேகமான ஆட்டக்காரரை வாங்குகிற வேலையும் இங்கே இல்லை. நேற்று வந்த பிள்ளையின் வட்டமும் பத்து வருடம் ஆடியவரின் வட்டமும் ஒரே வேகத்தில்தான் ஓடும். இந்த விளையாட்டை நான் எல்லாருக்கும் சொல்வதற்கு முதல் காரணமே அதுதான்.

எங்கள் வீட்டுக் கணனி பழசு. ஓடுமா?

பெரும்பாலும் ஓடும். தட்டையான வட்டங்களையும் கோடுகளையும் வரைவதுதான் கணனிக்குள்ள வேலை, தனிக் கிராஃபிக்ஸ் கார்ட் தேவையில்லை. முன்பு ஃப்ளாஷ் வேண்டியிருந்தது, இப்போது குரோம் அல்லது ஃபயர்ஃபொக்ஸின் புதிய பதிப்பு இருந்தால் போதும். பாடசாலைக் கணனி அறையில் ஆட விரும்பினால் பொறுப்பான ஆசிரியரிடம் முதலில் கேளுங்கள். கேட்காமல் ஆடிப் பிடிபட்டால் மற்றப் பிள்ளைகளுக்கும் கதவு மூடிவிடும்.

போனில் ஆடலாமா?

கீபோர்ட்டை நினைத்துச் செய்த விளையாட்டு இது. தொடுதிரையில் ஆடி ஆசை கெட்டுப்போக வேண்டாம். லப்டொப் இல்லாத பிள்ளைகள் கூட்டாளி வீட்டில் மாறி மாறி ஆடுவதுதான் எங்களிடம் வழக்கம். ஆனால் ஒரே கீபோர்ட்டில் இரண்டு பேர் ஒரே நேரத்தில் ஆட முடியாது.

டேட்டா நிறைய இழுக்குமா?

இல்லை. மைதானத்தின் படம் இணையத்தில் வருவதில்லை. யார் எந்த விசையை எப்போது அழுத்தினார், எப்போது விட்டார் என்ற தகவல் மட்டும்தான் போய் வருகிறது. பந்து எங்கே உருள வேண்டும் என்பதை ஒவ்வொருவரின் கணனியும் தானே கணக்கிட்டு வரைந்துகொள்கிறது. அதனால் வீடியோ பார்ப்பதோடு இதை ஒப்பிடவே முடியாது. போனில் ஹொட்ஸ்பொட் போட்டு ஆடுகிறவர்களும் எங்களோடு இருக்கிறார்கள். அவர்களுக்கு டேட்டா தீர்வது பிரச்சினையே இல்லை, சிக்னல் ஏறி இறங்குவதுதான் பிரச்சினை.

நான் உதைத்த பிறகுதான் உதைத்த மாதிரித் தெரிகிறது. பந்து ஓரிடத்தில் மறைந்து இன்னோரிடத்தில் நிற்கிறது. ஏன்?

அதிகம் கேட்கப்படும் கேள்வி இது. றூம், அதாவது ஒருவர் திறக்க மற்றவர்கள் வந்து சேர்ந்து ஆடும் இடம், எங்கே இருக்கிறது என்பதை முதலில் பாருங்கள். றூம் பட்டியலில் ஒவ்வொன்றுக்கும் பக்கத்தில் நாட்டுக் கொடியும் கிலோமீற்றர் தூரமும் இருக்கும். ஆட்கள் நிறைந்த றூம்களில் பல ஐரோப்பாவிலோ தென் அமெரிக்காவிலோ இருப்பவை. மட்டக்களப்பிலிருந்து நீங்கள் அழுத்தும் ஒவ்வொரு விசையும் அங்கே போய்த் திரும்ப வேண்டும். எவ்வளவு நல்ல இணைப்பு வைத்திருந்தாலும் அந்தத் தூரத்தைக் குறைக்க முடியாது.

அதனால் நாங்கள் றூமை இங்கேயே திறக்கிறோம். றூம் திறக்கிறவரின் கணனிதான் ஆட்டத்தின் நடு மையம், மற்ற எல்லாரும் அதோடுதான் இணைகிறார்கள். அவரது இணைப்புத் தடுமாறினால் பத்துப் பேருக்கும் ஆட்டம் தடுமாறும். அவர் உலாவியை மூடினால் றூமே போய்விடும். ஆகவே ஆட்டத்தில் கெட்டிக்காரர் யார் என்று பார்த்து றூமை ஒப்படைக்காதீர்கள். வீட்டில் பைபர் இணைப்பு உள்ளவர், முடிந்தால் வைஃபை இல்லாமல் வயர் போட்டு றவுட்டரோடு இணைத்தவர் யாரோ, அவர் திறக்கட்டும். அந்த நேரத்தில் அவர் வீட்டில் யாரும் பெரிய ஃபைல் ஏற்றாமல் இருந்தால் இன்னும் நல்லது. மழைக்காலத்தில் கரண்ட் நின்றுநின்று வரும் நாட்களில், றவுட்டருக்கு பட்டரி வசதி உள்ள வீடு எது என்றும் விசாரித்து வைத்துக்கொள்ளுங்கள். லப்டொப்பில் சார்ஜ் இருந்தும் றவுட்டர் அணைந்தால் பயனில்லை.

இவ்வளவும் சரியாக இருந்தும் கொஞ்சம் தாமதம் மிஞ்சினால் எக்ஸ்ட்ரபொலேஷன் (extrapolation) என்ற கட்டளையைப் பயன்படுத்துங்கள். சற் பெட்டியில் சாய்கோடு போட்டு அந்தச் சொல்லையும் ஓர் எண்ணையும் எழுதினால், அத்தனை மில்லிசெக்கன் முன்னே நடக்கப்போவதை உங்கள் கணனி ஊகித்துக் காட்டும். 20, 30 என்று சின்ன எண்ணில் தொடங்கிப் பார்த்து ஏற்றுங்கள். கூட்டிக்கொண்டே போனால் ஊகம் பிழைத்து எதிராளியின் வட்டம் துள்ளித் துள்ளித் தெரியும்.

பந்து காலில் நிற்கவே மாட்டேன் என்கிறது. எப்படிக் கொண்டு ஓடுவது?

அது நிற்காது. நிற்காதபடிதான் செய்திருக்கிறார்கள், இந்த விளையாட்டின் அழகு முழுவதும் அதில்தான் இருக்கிறது. பெரிய முப்பரிமாண விளையாட்டுகளில் பந்து ஆட்டக்காரரோடு கட்டிவிட்ட மாதிரிக் கூடவே வரும். இங்கே பந்து தனிப் பொருள். அதன் எடை ஆட்டக்காரரின் எடையில் பாதி. நீங்கள் இடித்தால் உருண்டு போகும். நீங்கள் கிறுகினால் அதுவும் கிறுகிவிடாது, போன வழியே போகும்.

எனவே பந்தை இழுக்கப் பார்க்காதீர்கள். பந்துக்குப் பின்னால் போய், நீங்கள் போக விரும்பும் திசைக்கு நேர் எதிரே நின்று, மெதுவாகத் தள்ளுங்கள். இடது பக்கம் திருப்ப வேண்டுமென்றால் முதலில் பந்தின் வலது பக்கத்துக்கு நீங்கள் போக வேண்டும். தனியாக ஒரு றூம் திறந்து, உதைக்கும் விசையைத் தொடாமலே பந்தைச் சுற்றி வந்து நடு வட்டத்துக்குள் வைத்திருக்கப் பழகுங்கள். பழகும்வரை எரிச்சலாகத்தான் இருக்கும். கை வந்துவிட்டால் எதிராளி இரண்டு பேரிடமிருந்தும் பந்தைக் காப்பாற்றலாம்.

புதியவர்கள் எல்லாரிடமும் ஒரு பழக்கம் பார்க்கிறேன்: உதைக்கும் விசையை அழுத்திப் பிடித்தபடியே ஓடுவது. அழுத்தியிருக்கும்போது உங்கள் வட்டத்தின் விளிம்பு வெள்ளையாகும், வேகமும் குறையும். சாதாரண ஓட்டத்தின் முடுக்கம் 0.1 என்றால் விசையைப் பிடித்திருக்கும்போது 0.07 மட்டும்தான். பத்தில் மூன்று பங்கு போய்விட்டது. பந்துக்காக இருவர் ஓடும்போது விசையைப் பிடித்தவர்தான் பிந்துவார். பந்தை எட்டும் கணத்தில் மட்டும் அழுத்துங்கள்.

நான் ஒரு பக்கம் உதைக்க, பந்து வேறு பக்கம் போகிறதே?

உங்கள் வட்டத்தின் நடுப்புள்ளியிலிருந்து பந்தின் நடுப்புள்ளிக்கு ஒரு கோடு இழுங்கள். அந்தக் கோட்டில்தான் உதை போகும். எந்த அம்புக்குறியை அழுத்திக்கொண்டிருந்தீர்கள் என்பது உதையின் திசையைத் தீர்மானிப்பதில்லை. பந்து முன்பே உருண்டுகொண்டிருந்தால் அந்த உருளலும் உதையோடு சேரும். அதனால்தான் பக்கவாட்டில் வரும் பந்தைக் கோலுக்கு நேரே நின்று உதைத்தாலும் அது சற்று விலகிப் போகிறது. குறி பார்ப்பது என்றால் எங்கே நிற்பது என்று பார்ப்பதுதான்.

எவ்வளவு தூரத்திலிருந்து கோல் அடிக்கலாம்? எப்போது பாஸ் கொடுக்க வேண்டும்?

இதைக் கணக்காகவே சொல்லிவிடலாம். கிளாசிக் மைதானத்தின் நீளம் 740 அலகு, அகலம் 340. கோல் வாயில் 128. பந்தின் குறுக்களவு 20, ஆட்டக்காரரின் குறுக்களவு 30. ஒரு செக்கனில் 60 தடவை கணனி கணக்குப் பார்க்கிறது, ஒவ்வொரு தடவையும் பந்தின் வேகத்தில் நூற்றில் ஒரு பங்கு குறைகிறது. அதாவது ஒரு செக்கனுக்குள் ஏறக்குறையப் பாதி வேகம் போய்விடும். நின்ற பந்தை உதைத்தால், யாரும் தொடாவிட்டால், சுமார் 500 அலகு உருண்டு ஓய்ந்துவிடும். உங்கள் கோல் வாயிலில் கிடக்கும் பந்தை ஓங்கி உதைத்து எதிர்க் கோலுக்குள் போடும் கனவை விட்டுவிடலாம். பந்தை உருட்டிக்கொண்டு வந்து உதைத்தால் அந்த வேகமும் சேர்ந்து இன்னும் தூரம் போகும்.

இன்னும் முக்கியமானது ஒன்று உண்டு. உதைத்த கணத்தில் பந்தின் வேகம், முழு வேகத்தில் ஓடும் ஆட்டக்காரரின் வேகத்தைப் போல் ஏறக்குறைய இரண்டு மடங்கு. ஒரு செக்கனுக்குச் சற்று மேல் கழிய இரண்டும் கிட்டத்தட்டச் சமமாகிவிடும். அதற்குள் பந்து 250 அலகு அளவில் போயிருக்கும், மைதானத்தில் மூன்றில் ஒரு பங்கு. அந்தத் தூரத்துக்குள் உங்கள் கூட்டாளி வெட்டவெளியில் நின்றால், பின்னால் துரத்துகிற எவராலும் அந்தப் பாஸைப் பிடிக்க முடியாது. அதைவிடத் தூரம் என்றால் துரத்துகிறவருக்கும் வாய்ப்பு வந்துவிடும். பந்தோடு ஓடுகிறவரை யாரும் எட்டலாம், நல்ல பாஸை எட்டுவது கடினம். விரல் வேகமான பிள்ளைகள் இதை ஏற்றுக்கொள்ள நாளாகும். தனியே மூன்று பேரைத் தாண்டும் ஆசை எல்லாருக்கும் இருக்கும்தானே.

கோட்டில் அடித்துத் திருப்பினால் கணித்தபடி வருவதில்லை. ஏன்?

கரம் விளையாடிப் பழகிய கைகள் இங்கே ஏமாறும். கரம் பலகையில் காய் கட்டையில் எந்தச் சாய்வில் படுகிறதோ கிட்டத்தட்ட அதே சாய்வில் திரும்பும். இங்கே அப்படியில்லை. கோட்டை நோக்கிய வேகத்தில் பாதி அடியோடு போய்விடும், கோட்டுக்குச் சமாந்தரமான வேகம் அப்படியே இருக்கும். அதனால் பந்து கோட்டை ஒட்டியபடி சறுக்கிப் போகும். எதிராளியைச் சுற்றிக் கோட்டில் அடித்துக் கூட்டாளிக்கு அனுப்பும்போது, நீங்கள் நினைத்ததை விடக் கோட்டுக்குக் கிட்டவாக அவர் நிற்க வேண்டும்.

கோல் கீப்பர் யார்?

தனியாக இல்லை. யாராவது ஒருவர் பின்னால் நின்றால் அவர்தான் கீப்பர். கையால் பிடிப்பதும் கிடையாது. 128 அலகு வாயிலில் 30 அலகு வட்டம் கோட்டிலேயே நின்றால் இரண்டு பக்கமும் திறந்துதான் கிடக்கும். பந்து வைத்திருப்பவரை நோக்கி இரண்டொரு வட்ட அளவு முன்னே வந்து நில்லுங்கள், கோணம் சுருங்கும். பந்து பக்கவாட்டில் நகரும்போது நீங்களும் அதே பக்கம் நகர வேண்டும், ஆனால் முந்திப் பாயக் கூடாது. எங்களிடம் கீப்பருக்கு நிற்க விருப்பமில்லாதவர்கள்தான் அதிகம். ஒரு கோல் விழுந்தால் ஆள் மாறுவது என்று வைத்துக்கொண்டால் சண்டை வராது.

மூன்று பேர் அணியில் எப்படி நிற்பது?

ஒருவர் பின்னே, ஒருவர் நடுவில், ஒருவர் முன்னே. நடுவில் நிற்பவர்தான் ஆட்டத்தை நடத்துகிறவர், உங்களில் பொறுமையானவரை அங்கே போடுங்கள். முன்னே நிற்பவர் பந்தைத் தேடிப் பின்னால் ஓடி வரவே கூடாது. மூன்று வட்டமும் ஒரே பந்தைச் சுற்றி மொய்த்தால் எதிரணிக்கு மைதானம் முழுவதும் சொந்தம்.

தங்கச்சிமாரும் விளையாடலாமா? சின்னப் பிள்ளைகள்?

தாராளமாக. எங்கள் ஊர்களில் பொம்பிளைப் பிள்ளைகளுக்குப் பின்னேரம் மைதானத்தில் இடம் கிடைப்பது இன்னும் குறைவுதான். இங்கே உயரம், உடம்பு, ஓட்டம் எதுவும் குறுக்கே நிற்காது. எங்கள் ஆட்டங்களில் நடுவில் நின்று மிக நன்றாகப் பந்து பிரித்துக் கொடுப்பது சாதாரண தரம் படிக்கும் ஒரு தங்கச்சி. அவளிடம் பந்து போனால் இரண்டாவது தொடுகைக்குள் அது இன்னொருவரிடம் போய்விடும்.

நான் ஒரு தாய். மகன் இதிலேயே மூழ்கிவிடுவான் என்று பயமாக இருக்கிறது.

உங்கள் பயம் நியாயமானது, அம்மா. எந்த விளையாட்டிலும் பிள்ளை மூழ்கலாம். இதில் உங்களுக்கு உதவியாக உள்ளது ஆட்டத்தின் நீளம்: சமநிலையில் நீண்டால் தவிர, மூன்று நிமிடத்தில் ஓர் ஆட்டம் முடிகிறது. 'இத்தனை ஆட்டம், மறுகா படிப்பு' என்று பேசி வைத்துக்கொள்ளலாம், பாதியில் நிறுத்தச் சொல்லிச் சண்டை பிடிக்க வேண்டிய தேவை வராது. தினமும் சேர்த்து வைக்க வேண்டிய நாணயமோ, இன்று வராவிட்டால் இழக்கும் பரிசோ இதில் இல்லை. பரீட்சை முடிந்து ஒரு மாதம் கழித்து வந்தாலும் அவனுடைய வட்டம் அப்படியேதான் இருக்கும்.

உயர்தர, சாதாரண தரப் பரீட்சை நெருங்கும்போது எழுதும் பிள்ளைகளை நாங்களே ஆட்டத்தில் சேர்ப்பதில்லை. கேட்டு வந்தாலும் சேர்ப்பதில்லை.

முன்பின் தெரியாதவர்கள் சற்றில் தூஷணம் எழுதுகிறார்கள். என்ன செய்வது?

பொது றூமில் இது நடக்கும். பிள்ளைகளைப் பொது றூமுக்குத் தனியே அனுப்ப வேண்டாம் என்பதே என் உறுதியான எண்ணம். றூம் திறக்கும்போதே பட்டியலில் காட்டாமல் வைக்கவும் கடவுச்சொல் போடவும் வசதி உண்டு. இணைப்பை உங்கள் குழுவுக்குள் மட்டும் பகிருங்கள். றூம் திறந்தவர் நிர்வாகியாக இருப்பார், தேவைப்பட்டால் இன்னொருவரையும் நிர்வாகி ஆக்கலாம். தூஷணம் எழுதினவரை வெளியேற்றவும் தடை செய்யவும் அவர்களால் முடியும். எச்சரிக்கை ஒரு தடவை போதும்.

பட்டப்பெயராகச் சொந்தப் பெயர், பாடசாலைப் பெயர், போன் நம்பர் எதையும் போடாதீர்கள். கணனியோடு கணனி நேராக இணைவதால் தெரியாத ஆட்களின் றூமுக்குள் போனால் உங்கள் ஐபி முகவரியும் மறுபக்கத்துக்குத் தெரிய வரலாம். சற்றில் வரும் இணைப்புகளைத் தொடவே வேண்டாம்.

இப்படித் தட்டையான உதைபந்தாட்டம் இவர்கள்தான் முதலில் செய்தார்களா?

இல்லை. பந்தைக் காலிலிருந்து விடுவித்த பெருமை டினோ டினி உருவாக்கி 1989இல் வந்த கிக் ஓஃப் விளையாட்டுக்கு உரியது. மேலிருந்து பார்க்கும் மைதானம், வேகமான ஓட்டம், ஒட்டாத பந்து எல்லாம் அதில் இருந்தன. அதன் பிறகு 1992இல் இங்கிலாந்தின் சென்சிபிள் சொஃப்ட்வெயார் நிறுவனம் சென்சிபிள் சொக்கரை வெளியிட்டது. அதன் வடிவமைப்பாளர்களில் முக்கியமானவர் ஜோன் ஹேர். அதில் ஆட்டக்காரர்கள் மிகச் சின்னதாகத் தெரிவார்கள்; அதனாலேயே மைதானத்தின் பெரும்பகுதி கண்ணுக்குள் அடங்கும், பாஸ் போகும் இடத்தைப் பார்த்து உதைக்கலாம். ஒரே பொத்தான்தான். பந்து பறக்கும்போதே ஜோய்ஸ்டிக்கை அசைத்து அதை வளைக்கவும் முடியும். 1994இல் அதே நிறுவனம் உலகம் முழுவதிலுமுள்ள கழகங்களைச் சேர்த்து சென்சிபிள் வேர்ல்ட் ஒஃப் சொக்கரைக் கொண்டுவந்தது. ஹக்ஸ்போல் இந்த வழியில் வந்து, ஆட்டக்காரரின் உருவத்தையும் எடுத்துவிட்டு, ஒவ்வொரு வட்டத்துக்கும் ஒரு மனிதரை வைத்தது. சென்சிபிள் சொக்கரில் உங்கள் அணியின் மற்றவர்களைக் கணனி ஓட்டும். இங்கே கணனி யாரையும் ஓட்டாது, உங்கள் கூட்டாளி சோர்ந்தால் வட்டமும் சோர்ந்துவிடும்.

இதை ஆடினால் மைதானத்து ஆட்டம் முன்னேறுமா?

காலுக்கு ஒன்றும் வராது. வெபர் மைதானத்திலோ கல்லடிக் கடற்கரை மணலிலோ ஓடிப் பழகுவதற்கு எதுவும் ஈடில்லை. ஆனால் பந்து இல்லாத நேரத்தில் எங்கே நிற்பது என்று கண் பழகும். மைதானத்தில் பயிற்றுநர் வெளியே நின்று 'விரிஞ்சு நில்லுங்கடா' என்று கத்துவது எதற்கு என்று, மேலிருந்து பார்க்கும் இந்தத் திரையில் தெளிவாகத் தெரியும். ஆட்டத்தைப் பதிவு செய்து பிறகு போட்டுப் பார்க்கும் வசதியும் உண்டு. தோற்ற ஆட்டங்களை அணியோடு சேர்ந்து பாருங்கள். வாங்கிய கோல் ஒவ்வொன்றிலும், உதைத்தவரைப் பார்க்காமல், அந்த நேரம் உங்கள் வட்டம் எங்கே நின்றது என்று மட்டும் பாருங்கள்.

எந்த நேரத்தில் ஆடுகிறீர்கள்? எப்படிச் சேரலாம்?

வெள்ளி, சனி இரவுகளில். டியூசன் முடிந்து, மஃரிப் தொழுகை முடிந்து எல்லாரும் வீட்டுக்கு வந்த பிறகு தொடங்குவோம். நோன்பு மாதத்தில் தறாவீஹ் முடிந்த பிறகு. கோயில் திருவிழா நடக்கும் ஊர்க்காரருக்கு அந்த நாட்கள் விடுமுறை. ஊர் பார்த்து அணி பிரிப்பதில்லை. காத்தான்குடியும் ஆரையம்பதியும் ஒரே அணியில் வரட்டும் என்று சீட்டுக் குலுக்கித்தான் பிரிப்போம். ஏற்கெனவே ஆடும் யாராவது ஒருவர் உங்களை அறிந்திருக்க வேண்டும், அவர் வழியாக றூம் இணைப்பு வரும். முதல் இரவு பார்வையாளராக இருந்து பாருங்கள், அடுத்த குலுக்கலில் உங்கள் பெயரும் இருக்கும்.